ஓப்பன் கிச்சனுக்காக உடைத்த சுவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தென்சென்னையிலிருந்து ஒரு பழைய அப்பார்ட்மென்ட்டின் சங்கச் செயலாளர் போன் செய்தார். "சார், மூணாவது மாடி அம்மா வீட்டு சமையலறைக் கதவு சாத்தவே முடியல. ஆசாரி வந்து ரெண்டு தடவை இழைச்சுக் கொடுத்துட்டார், மறுபடியும் இடிக்குது. நீங்க ஒரு நடை வந்து பார்த்தா நல்லா இருக்கும்."

கதவு இடித்தால் ஆசாரியோடு நிறுத்திக்கொள்வார்கள். கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் பார்க்கும் என்னைப் போன்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைத் தேடுகிறார்கள் என்றால் யாருக்கோ வயிற்றில் புளி கரைகிறது என்று அர்த்தம். போனேன். கதவு நிலையின் மேல்மூலையில் தொடங்கி கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல். மேலே மயிரிழை மாதிரி இருந்தது. நிலைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன், நின்றது. பூச்சு மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை, உள்ளே செங்கலே பிளந்திருந்தது. "கீழ்வீட்டுல ஏதாவது வேலை நடக்குதா?" என்று கேட்டேன். செயலாளர் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டாவது மாடியில், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த 9 அங்குலச் சுவரில் எட்டடி அகலத்துக்கு வெட்டவெளி. ஓப்பன் கிச்சனாம். இன்டீரியர்காரர் கிரானைட்டுக்கு டேப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் 1980-களின் தொடக்கத்தில் கட்டியது. தரைத்தளமும் மூன்று மாடியும், எங்கேயும் தூண் கிடையாது, சுவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. வீட்டுக்காரத் தம்பி அப்பாவியாகச் சொன்னார்: "மேஸ்திரி தட்டிப் பார்த்துட்டுத்தான் சார் உடைச்சார்."

தட்டிப் பார்த்தாராம். தேங்காய்க்கு அது சரி.

அன்று சாயங்காலத்துக்குள் ஜாக்கிகளை வரவழைத்து இரண்டாவது மாடியில் முட்டுக் கொடுத்தோம். அதற்கு நேர்கீழே முதல் மாடியிலும் தரைத்தளத்திலும்கூடக் கொடுத்தோம். கீழ்வீட்டுக்காரர்கள் சோபாவை நகர்த்திக்கொண்டே என்னைத் திட்டினார்கள். இந்த வருஷத்தில் இது எனக்கு நான்காவது வீடு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"என் வீடு, என் காசு, உள்ளே நான் என்ன வேணும்னாலும் செய்வேன்" என்பதை நான்கு வீட்டிலும் கேட்டுவிட்டேன். தயவுசெய்து பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நிலத்தில் உங்களுக்கு இருப்பது பிரிக்கப்படாத பங்கு, அதாவது யுடிஎஸ். இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அது எந்த மூலையில் இருக்கிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. மற்றபடி, உங்கள் சுவர்களுக்குள் இருக்கும் அந்த இடம் உங்களுடையது. அஸ்திவாரம், தூண், பீம், ஸ்லாப், வெளிச்சுவர், பாரம் தாங்கும் உள்சுவர், குழாய் போகும் ஷாஃப்ட், மொட்டைமாடி இவையெல்லாம் பொது. 1994-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் சரி, பொதுப் பகுதியில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்ற அடிப்படையில்தான் நிற்கின்றன. உங்கள் ஹால் கூரைதான் மேல்வீட்டுப் பாட்டியின் தரை. பத்திரம் உங்கள் பேரில் இருக்கிறது என்பதற்காக அவர் காலுக்குக் கீழே இருப்பதை நீங்கள் எடுக்க முடியாது. இதைச் சொன்னால், "அப்போ தனி வீடே வாங்கியிருக்கலாம்" என்று முகத்தைத் தூக்குகிறார்கள். வாங்கியிருக்கலாம்தான்.

இன்னொரு கோஷ்டி கொஞ்சம் விவரமானவர்கள். "எங்களுடையது ஃப்ரேம்டு ஸ்ட்ரக்சர் சார், பாரமெல்லாம் தூணும் பீமும் பார்த்துக்கும், சுவர் சும்மா தடுப்புதான்" என்பார்கள். பாதி சரி. ஆனால் இப்போது வரும் உயரமான கட்டடங்கள் பலவற்றில் மைவான் என்ற அலுமினிய அச்சு முறையில் சுவரையே கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். அங்கே படுக்கையறைச் சுவரும் தூண் வேலையைத்தான் செய்கிறது. அதில் ஜன்னல் அகலப்படுத்துவது தூணை அறுப்பதற்குச் சமம். தூணும் பீமும் உள்ள கட்டடமே என்றாலும், உடைப்பதில் இருக்கும் எச்சரிக்கை கட்டுவதில் யாருக்கும் இருப்பதில்லை. நாலரை அங்குலச் செங்கல் சுவரை பத்தடி உயரத்துக்கு எழுப்பினால், ஓரடி நீளத்துக்கு ஏறக்குறைய 200 கிலோ. கீழே பீம் இல்லாத இடத்தில் பத்தடி நீளச் சுவரைக் கட்டிவிட்டு பூஜையறை என்கிறார்கள். ஸ்லாப்பின் நடுவில் இரண்டு டன். வீட்டுத் தளத்துக்கு நாங்கள் கணக்கில் எடுக்கும் புழங்கு பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோதான். ஆட்கள், கட்டில், பீரோ எல்லாம் அதற்குள் அடக்கம்.

கணக்கு என்று வந்தாயிற்று, மொட்டைமாடித் தோட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் கீரை வளருங்கள், எனக்கும் ஒரு கட்டு கொடுங்கள். ஆனால் தளம் முழுக்க ஓரடி உயரத்துக்கு மண் கொட்டிப் புல் வளர்த்தால், ஈர மண் சதுர மீட்டருக்கு 500 கிலோ தாண்டும். ஆள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு வழக்கமாக வைக்கும் பாரம் 150 கிலோ.

2022 பிப்ரவரி 10-ஆம் தேதி குருகிராமில் ஒரு அடுக்குமாடியில் ஆறாவது மாடி ஹாலில் தரை வேலை நடந்தது. அந்த ஹாலின் தளம் பெயர்ந்து, கீழே இருந்த ஹால்களின் தளங்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு முதல் மாடி வரை போனது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஐஐடி டெல்லி ஆராய்ந்தபோது, கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடு கம்பியை அரித்திருந்தது தெரிந்தது. அதாவது நோய் முன்பே இருந்தது, தரை வேலைக்காரர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. நான் சொல்ல வருவதும் அதைத்தான். உங்கள் ஸ்லாப்புக்குள் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, சுத்தியலோடு நிற்பவருக்கும் தெரியாது.

சங்கங்களையும் சும்மா விட முடியாது. நான் போன கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் விதிகள் ஒட்டியிருந்தன. கிரில் வெள்ளை நிறத்தில்தான் இருக்கவேண்டும், புறா வலை எந்த நிறம், பால்கனியில் போர்வை காயப்போடக் கூடாது, டிரில்லிங் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. எல்லாம் சரி, சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் வாங்கிக்கொண்டு வாட்ஸாப்பில் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறார்கள், அதுதான் அனுமதி. அதைவிடக் கொடுமை இன்னொரு விதி: இடித்த கல்லை சனிக்கிழமை மட்டும்தான் கீழே இறக்கவேண்டும். விளைவு, உடைத்த செங்கல் முழுக்கச் சாக்கில் கட்டி பால்கனியில் அடுக்கி வைத்திருந்தார்கள். எண்ணினேன், நாற்பது மூட்டை. மூட்டைக்கு 30 கிலோ என்றாலும் 1,200 கிலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வருஷத்து பால்கனியில். நான் முதலில் செய்த வேலை முட்டுக் கொடுத்ததல்ல, அந்த மூட்டைகளை இறக்கியதுதான்.

சரி, என்ன செய்யவேண்டும்? வேலை தொடங்கும் முன் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைத் தேடுங்கள், சங்க அலமாரியிலோ பில்டரிடமோ இருக்கும். விற்பனை பிரசுரத்தில் சோபா வரைந்திருக்கும் படம் டிராயிங் ஆகாது. கிடைக்கவில்லையா, ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டி, எழுத்தில் வாங்குங்கள். அவர் ஃபீஸ் உங்கள் மாடுலர் கிச்சனின் கைப்பிடிச் செலவைத் தாண்டாது. 9 அங்குலச் சுவர் என்றால் கேட்காமல் கை வைக்காதீர்கள். பழைய கட்டடத்தில் நாலரை அங்குலச் சுவரையும் நம்பாதீர்கள். ஏசி பைப்புக்காக பீமில் ஓட்டை போட வரும் ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள். பழைய டைல்ஸை எடுக்காமல் அதன்மேல் இரண்டு அங்குலக் கலவை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டினால் பத்து சதுர அடிக்கு 100 கிலோவுக்கு மேல் ஏறுகிறது, அதையும் கணக்கில் சேருங்கள். பாத்ரூமை இடம் மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள், கீழ்வீட்டு அடுப்புக்கு நேர்மேலே உங்கள் டாய்லெட் வருவதை எந்த வாட்டர்ப்ரூபிங்கும் நியாயப்படுத்தாது. பால்கனியை கிரில் போட்டு மூடுபவர்கள், ஒரு பக்கமாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி வையுங்கள். தீப்பிடித்தால் அதுதான் வழி. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

புது வீடு வாங்கியவர்களுக்கு ஒன்று. ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம் கட்டமைப்புக் குறைக்கு பில்டர் பொறுப்பு. நீங்களே சுவரை உடைத்துவிட்டு விரிசலோடு அவரிடம் போனால், அவர் முதலில் போட்டோ எடுப்பது அந்த ஓட்டையைத்தான்.

அந்த வீட்டில் இப்போது ஓட்டைக்கு மேலே இரும்பு பீம் ஏற்றியாயிற்று. செலவு கிச்சனைவிட அதிகம், தம்பி தவணையில் கட்டுகிறார். மூன்றாவது மாடியில் விரிசலுக்குக் குறுக்கே மூன்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். போன வியாழன் பார்த்தபோது மூன்றும் முழுசாக இருந்தன. அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று அந்த அம்மா பயந்து பயந்து கேட்டார். இத்தனை பேரில் அனுமதி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

செயலாளர் திருத்திய விதிகளை எனக்கு அனுப்பி, சரிபார்த்துத் தரச் சொன்னார். முதல் விதி, கிரில் வெள்ளை நிறத்தில் இருக்கவேண்டும். சுவர் ஒன்பதாவது இடத்தில், புறா வலைக்குக் கீழே. மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.