செனோடாஃப்: ஆள் கிடக்காத கல்

சென்னைத் தேனாம்பேட்டையின் செனோடாஃப் சாலைக்கு அங்கே நின்ற, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் நினைவு மண்டபத்தால் வந்தது பெயர். அவரைப் புதைத்தது வடக்கே, உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில். கிரேக்கத்தில் 'கெனோஸ்' என்றால் வெறுமை, 'தஃபோஸ்', கல்லறை. உடல் வேறெங்கோ இருக்க, இறந்தவர் நினைவாக எழுப்பியது செனோடாஃப்.

இச்சொல்லைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் 'வெற்றுக்கல்லறை'. பலகையில் எழுதிப் பாருங்கள், இன்னும் ஆள் வரவில்லை என்று தொனிக்கும். 'சமாதி', 'பள்ளிப்படை' இரண்டும் ஆகா; அவை அடக்கம் செய்த இடத்தின்மேல் எழுபவை.

தமிழில் ஏற்கெனவே இருப்பது நடுகல். தொல்காப்பியம் அதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. ஆறிலும் பிணம் இல்லை. நீலகிரியிலும் இதற்கு இணை உண்டு: இறந்தவர் பேரில் ஆற்றில் உருண்ட கல்லொன்றைப் பழைய கற்திட்டைக்குள் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னம்) வைக்கும் குறும்பர் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் நடுகல்லில் வீரச்சாவின் வாடை அடிக்கும். அதனால் அதிகாரிக்கும் அறிஞருக்கும் 'நினைவுக்கல்' பொருந்தும்.

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டை எடுத்துக்கொள்வோம். 1819இல் கிழக்கிந்தியக் கும்பெனி மருத்துவராக வந்தார். கோவையில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்தார். நீலகிரிச் செடிகளைப் படங்களோடு பதிப்பித்தார். 1853இல் ஊர் திரும்பி, 1872இல் இங்கிலாந்தில் இறந்தார். உதகையில் அவருக்கு எந்தக் கல் நட்டாலும் அது செனோடாஃப்தான். கல் இல்லாமலே சோலைக்குள் மரங்களின் அறிவியல் பெயரில் அவர் பேர் நிற்கிறது: சின்னமோமம் வைட்டியை, லிட்சியா வைட்டியானா. லத்தீன் இலக்கணப்படி முன்னது 'வைட்டினுடைய' என்ற வேற்றுமை வடிவம். பின்னது பெயரடை, லிட்சியா பெண்பால் என்பதால் 'ஆனா'.

மொழிபெயர்ப்பவர் சறுக்குவது பெரும்பாலும் கல்லில் உள்ள வாசகத்தில். 'இங்கே துயில்கிறார்' என்றிருந்தால் கல்லறை. 'நினைவுக்கு அர்ப்பணம்' என்று மட்டும் இருந்தால் முடிவு கட்டாதீர்கள். அந்தத் தொடர் கல்லறையிலும் வரும், தேவாலயச் சுவரில் பதித்த பலகையிலும் வரும். அடக்கப் பதிவேட்டைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். வடிவத்தையும் பாருங்கள்: தூணானால் நினைவுத்தூண், சுவரில் பதித்ததானால் நினைவுப்பலகை. கோத்தகிரி கன்னேரிமுக்கில், உதகையை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவன் பேரில் இருப்பது கட்டடம், அது நினைவகம்.