உள்ளே வந்த பின் கதவைச் சாத்தும் கிருமி

“மூளையே இல்லாத பாக்டீரியா எப்படி நம் செல்லை ஏமாற்றுகிறது? ஏமாற்ற யோசனை வேண்டாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலுக்கு சால்மொனெல்லாவை எடுத்துக்கொள்கிறேன். குடல் நோய்களையும் டைபாய்டையும் உண்டாக்கும் கிருமி அது.

நம் குடலின் உள்பரப்பிலுள்ள செல்கள் கிருமிகளை விழுங்கும் வேலைக்கானவை அல்ல. அந்த வேலையை வெள்ளணுக்களில் சில வகைகள் பார்த்துக்கொள்ளும். ஆனால் சால்மொனெல்லா வந்து ஒட்டிய சிறிது நேரத்தில், குடல் செல்லின் சவ்வு அலை போல எழுந்து கிருமியைச் சுற்றி மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதைச் செய்வது முழுக்க நம் செல்தான். கிருமி உத்தரவு மட்டும் போடுகிறது.

உத்தரவு போவது ஓர் ஊசி வழியாக. கிருமியின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புரத ஊசியை 1998-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனியாகப் படம் பிடித்தார்கள். அதன் உள்துளை ஏறத்தாழ 2 நானோமீட்டர் அகலம்தான். மடிந்த புரதம் அதில் நுழையாது. அதனால் கிருமி அதன் மடிப்பைப் பிரித்து நூலாக்கி அனுப்புகிறது. செல்லுக்குள் போனதும் நூல் மறுபடி மடிந்து வேலையைத் தொடங்கும். இப்படி ஏற்றப்படும் புரதங்களுக்கு எஃபெக்டர்கள் என்று பெயர்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். நம் செல்லின் உருவத்தைத் தாங்குவது ஆக்டின் என்ற இழைகள். எங்கே எப்போது இழை வளர வேண்டும் என்று சொல்பவை ராக், சிடிசி42 போன்ற சுவிட்ச் புரதங்கள். மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் மூலக்கூறு ஒட்டியிருந்தால் சுவிட்ச் ஆன். இரண்டு பாஸ்பேட் கொண்டது ஒட்டியிருந்தால் ஆஃப். சால்மொனெல்லா அனுப்பும் சாப்-ஈ என்ற எஃபெக்டர், இரண்டு பாஸ்பேட் மூலக்கூறைக் கழற்றிவிட்டு மூன்று பாஸ்பேட் உள்ளது வந்து உட்கார வழி செய்கிறது. சுவிட்ச் ஆன் ஆகிவிடும். ஆக்டின் வளரும், சவ்வு எழும், கிருமி உள்ளே.

அப்புறம்? சுவிட்ச் ஆன் நிலையிலேயே கிடந்தால் செல்லின் உருவம் குலைந்துகொண்டே இருக்கும். தங்க வந்த கிருமிக்கே அது ஆபத்து. அதே ஊசி வழியாக எஸ்பிடிபி என்ற இன்னொரு எஃபெக்டரும் போகிறது. அது மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டும் வேலையை விரைவுபடுத்தி சுவிட்சை அணைக்கிறது. செல் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது.

ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே போகின்றன என்றால், திறப்பதும் மூடுவதும் ஒரே நேரத்தில் நடந்து ஒன்றை ஒன்று அடித்துப்போட வேண்டாமா? 2003-ல் நுண்ணுயிரியலாளர் ஹோர்கே காலானின் ஆய்வகம் இதற்கு விடை தந்தது. நம் செல்லில் புரோட்டியசோம் என்றொரு கழிவு இயந்திரம் உண்டு, வேண்டாத புரதங்களைத் துண்டாக்குவது அதன் வேலை. அது சாப்-ஈ-யை வேகமாக அழிக்கிறது; எஸ்பிடிபி-யை மெதுவாகத்தான் தொடுகிறது. தொடக்கத்தில் திறப்பவன் கை ஓங்கி இருக்கும். அவன் மறைந்ததும் மூடுபவன் மிஞ்சுவான். கடிகாரம் கிருமியிடம் இல்லை. நம் செல்லின் குப்பைக் கிடங்கே அதற்குக் கடிகாரம்! சாப்-ஈ-யின் தலைப்பகுதியை நீக்கி எஸ்பிடிபி-யின் தலைப்பகுதியை ஒட்டிப் பார்த்தபோது சாப்-ஈ நீண்ட நேரம் பிழைத்தது, சவ்வின் கொந்தளிப்பும் அடங்கத் தாமதமானது.

இதில் யோசனை எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. நம் செல்லிலும் சாப்-ஈ-யின் அதே வேலையைச் செய்யும் புரதங்கள் உண்டு, ஆனால் அவற்றின் கட்டமைப்பு வேறு. எண்ணற்ற தலைமுறைகளில் தற்செயலாக வந்த மாற்றங்களில், பிழைக்க உதவியவை தங்கிவிட்டன. இதை யாரோ உட்கார்ந்து வடிவமைத்தது போலப் பேசுவதை நான் ஏற்கவில்லை. அது நடந்ததன் அழகைக் குறைத்துவிடுகிறது. அதே போல, “இதனால் என்ன மருந்து வரும்?” என்று கேட்டுவிட்டு நிதி தரும் வழக்கமும் எனக்கு வருத்தமளிக்கிறது. ஒரு புரதம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று பொறுமையாக அளந்து பார்த்ததால்தான் இந்தக் கடிகாரம் தெரியவந்தது.

சரி, உள்ளே போன கிருமி என்ன செய்யும்? சவ்வுப் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். பையில் அமிலத்தன்மை ஏறும். சால்மொனெல்லாவுக்கு அதுவே ஒரு செய்தி. உடனே இரண்டாவது வகை ஊசி ஒன்றைக் கட்டத் தொடங்கும். இந்த முறை பையின் சுவரைத் துளைத்து, உள்ளிருந்து வெளியே வேறொரு தொகுதி எஃபெக்டர்களை அனுப்பும்.