மாடு ஓட்டப் போனால் மனச்சோர்வு போகாது, சார்

“டாக்டர், இவருக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை, நாற்பதைத் தாண்டினா ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே, அதான் ஃபிரெண்ட்ஸோட எங்கேயாவது போய்ட்டு வரச் சொன்னோம், போய்ட்டும் வந்துட்டார், ஆனா...”

இந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன வரும் என்பது மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு மனப்பாடம். போய் வந்ததிலிருந்து பேச்சு இன்னும் குறைந்துவிட்டது, விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து ஹாலில் லைட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். சமீபத்தில் அப்படி வந்த ஒருவருடன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர்களும் வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள், தங்கள் காசைப் போட்டு அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது: “சிட்டி ஸ்லிக்கர்ஸ் படத்துல எல்லாரும் சரியாகித்தானே சார் திரும்பி வர்றாங்க?”

சரி, அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். எனக்கும் பிடித்த படம்தான். 1991-ல் வந்தது, ரான் அண்டர்வுட் இயக்கியது. நியூயார்க்கில் ரேடியோவுக்கு விளம்பரம் பிடித்துத் தரும் மிட்ச் (பில்லி கிரிஸ்டல்), 39 வயதாகப்போகிறது, சிரிப்பே மறந்துபோன ஆள். மாமனாரின் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஃபில் (டேனியல் ஸ்டெர்ன்). விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் எட் (புரூனோ கிர்பி), வயதில் மிகவும் இளைய பெண்ணைக் கட்டிக்கொண்டவன். மிட்சின் பிறந்தநாளுக்கு மற்ற இருவரும் தரும் பரிசு, நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ வரை குதிரையில் போய் மாட்டுமந்தை ஓட்டும் இரண்டு வாரப் பயணம். காசு கட்டி மாடு மேய்க்கப் போகிறார்கள்! கதையை இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த மூன்று பேருக்கும் ஒரே பிரச்சினையா?

மிட்சைப் பாருங்கள். மகனின் வகுப்பில் அப்பாக்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாளில், குழந்தைகள் முன்னால் நின்றுகொண்டு, வயது ஏற ஏற என்னென்ன கழன்று விழும், எந்த வயதில் எந்த ஆபரேஷன் என்று பட்டியல் போடுகிறான். சிரித்து வயிறு வலிக்கும். ஆனாலும் அந்த மனிதன் வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், ஜோக்கடிக்கிறான், மனைவியிடம் மனசில் இருப்பதைச் சொல்கிறான், அவளும் “போய் உன் சிரிப்பைத் தேடிக்கொண்டு வா” என்று அனுப்பி வைக்கிறாள். இது அலுப்பு. இதற்கு ஒரு மாற்றம் போதும், இரண்டு வாரம் வெயிலில் கிடந்து ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தால் தெளிந்துவிடும், தெளிந்தும்விடுகிறது. எட் என்பவனுக்கு இருப்பது பயம். சின்ன வயதில் அப்பாவை விரட்டிவிட்டவன், தானும் அப்பாவைப் போல் ஆகிவிடுவோமோ என்று நடுங்குகிறான். அவனுக்கு வேண்டியது மனம்விட்டுப் பேச ஓர் இடம்.

ஃபில்? ஒரே இரவில், அதுவும் பிறந்தநாள் விருந்தின் நடுவில், கடையில் பில் போடும் பெண்ணுடனான தொடர்பு வெளியே வந்து, பல வருடம் உள்ளுக்குள் புழுங்கிய கல்யாணமும் போகிறது, மாமனார் கடை என்பதால் வேலையும் போகிறது. நாற்பதை நெருங்கும் ஆண், தனியாக விடப்பட்டவன், வருமானம் இல்லாதவன், அவமானப்பட்டவன். எங்கள் துறையில் படிக்கும் முதல் வருடப் பிள்ளையைக் கேட்டாலும், இவனைத் தனியே விடாதீர்கள் என்றுதான் சொல்லும். படத்தின் பின்பாதியில் குடித்துவிட்டு வம்பிழுக்கும் மாட்டுக்காரர்கள் மேல் இந்த ஃபில் துப்பாக்கியை நீட்டுவான், அவர்கள் அடங்கிய பிறகு அப்படியே உடைந்து அழுவான். தன் வாழ்க்கை முட்டுச்சந்தில் வந்து நின்றுவிட்டது என்று சொல்லி அழுவான். தியேட்டரில் இருப்பவர்கள் அடுத்த ஜோக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அமெரிக்காவில் நடக்கும் தற்கொலைகளில் பாதிக்கு மேல் துப்பாக்கியால்தான்.

மூன்று பேருக்கும் ‘நடுவயது நெருக்கடி’ என்று ஒரே பெயர் வைத்தாயிற்று, ஒரே மருந்தும் கொடுத்தாயிற்று. படத்தில் அது பலித்தது. என் அறைக்கு வருபவர்களில் பலர் ஃபில்கள், வீட்டில் அவர்களை மிட்ச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவயது நெருக்கடி என்பது நோயின் பெயர் அல்ல. எந்த மருத்துவ நோய்ப் பட்டியலிலும் அது கிடையாது. எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1965-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல் அது, அவர் பேசியதும் பெரும்பாலும் கலைஞர்களைப் பற்றி, முப்பதுகளின் நடுவில் மரணம் கண்ணில் படத் தொடங்கும்போது அவர்களுடைய படைப்பு எப்படி மாறுகிறது என்று. அங்கிருந்து பத்திரிகைகள், சினிமா, நாற்பதைத் தாண்டியவர் திடீரென்று சிவப்புக் கார் வாங்கும் ஜோக் என்று எங்கெங்கோ போய்விட்டது. அப்புறம் அமெரிக்காவிலேயே ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். எனக்கு அப்படி ஒன்று வந்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். அவர்களையும் தோண்டிக் கேட்டால் விவாகரத்து, வேலை போனது, நெருங்கியவர் சாவு என்று ஒரு நிகழ்ச்சியைச் சொன்னவர்கள் நிறைய. ஆக, ‘எல்லா ஆம்பளைக்கும் வர்றதுதான்’ என்பது உண்மையில்லை. வந்தால் ஏன் வந்தது என்று கேளுங்கள். வயது என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடாதீர்கள்.

இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒரு டிரிப் போனா சரியாயிடும்.’ மனச்சோர்வு என்றால் என்ன? மகிழ்ச்சி தரும் காரியங்கள் கிடைக்காமல் போவது அல்ல அது, கிடைத்தாலும் மகிழ முடியாமல் போவது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி தானாகப் புரியும். அப்படிப்பட்ட ஒருவரை எவ்வளவு அழகான மலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவருக்கு அது மலை, அவ்வளவுதான். சுற்றி நிற்கும் நண்பர்கள் எல்லாரும் கத்திக் கூத்தடிக்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், இவருக்கு மட்டும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அப்போது அவர் என்ன முடிவுக்கு வருவார்? ‘இங்கே வந்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லையென்றால் இனி எதிலும் வராது.’ பயணத்துக்கு முன்னால் ஒரு நம்பிக்கையாவது பாக்கி இருந்தது, திரும்பி வரும்போது அதுவும் இல்லை. இவ்வளவு செலவு செய்தார்களே என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்கிறது, அதனால் ‘சூப்பரா இருந்துச்சு மச்சான்’ என்று சிரித்தபடி சொல்லிவிடுவார். நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் ஒழுங்காக இருந்த தூக்கம் பயணத்தில் கெடும். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நண்பர்கள் பார்க்கிறார்களே என்று நாலு நாள் நிறுத்திவிடுவார். ராத்திரி ஆனால் பாட்டில் வரும். குடி மனச்சோர்வை ஏற்றும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கர்லியின் விரலைப் பார்த்தவர்கள். ஜாக் பேலன்ஸ் நடித்த அந்தக் கிழட்டு மாட்டுக்காரர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, வாழ்க்கையின் ரகசியம் இந்த ஒன்றுதான் என்பார். அந்த ஒன்று என்ன என்று மிட்ச் கேட்டால், அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். பிரமாதமான காட்சி, ஆஸ்கரும் வாங்கிக் கொடுத்தது. இதைப் பார்த்துவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்! அய்யா, படத்தைக் கடைசிவரை பார்த்தீர்களா? ஊர் திரும்பிய மிட்ச் வேலையை விடவில்லை, அதையே இன்னும் நன்றாகச் செய்யப்போகிறேன் என்றுதான் மனைவியிடம் சொல்கிறான். மனம் சோர்ந்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவு நோய் எடுக்கும் முடிவு. ராஜினாமா, வீட்டை விற்பது, விவாகரத்து, எதுவானாலும் தள்ளிப் போடுங்கள். தேறிய பிறகும் அதே எண்ணம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

அந்த ஆஸ்கர் மேடையில் 73 வயதில் பேலன்ஸ் ஒற்றைக் கையால் தண்டால் எடுத்ததை ஊக்க வீடியோவாக அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அதை வீட்டில் முயன்று பார்த்துத் தோள்பட்டையோடு எலும்பு டாக்டரிடம் போனவரை எனக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று லட்சக்கணக்கில் பைக் வாங்குகிறார், மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுத் துள்ளிக் குதித்து எழுகிறார், ஓயாமல் பேசுகிறார், கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார். ‘வயசு திரும்புது’ என்று கிண்டல் செய்யாதீர்கள், மனம் ஒரு சமயம் அளவுமீறித் துள்ளி, இன்னொரு சமயம் சோர்ந்து விழும் இருதுருவ நோயின் எழுச்சியாக இருக்கலாம். எப்போதும் கூச்சப்படும் மனிதர் ஐம்பதை ஒட்டிப் பொது இடத்தில் நாகரிகம் இல்லாமல் நடக்கிறார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும் கண்டுகொள்வதில்லை என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய் 45-லிருந்து 65-க்குள் இப்படித்தான் தொடங்கும், ஆரம்பத்தில் மறதியே இருக்காது. களைப்பு மட்டும்தான் என்றால் தைராய்டு, சர்க்கரை, பி12, ரத்தசோகை, குறட்டை. இதில் ஒன்றாவது பார்க்காமல் யாரையும் நான் மனநோயாளி ஆக்குவதில்லை. நெஞ்சில் அசௌகரியம் என்றால் என்னிடம் வரவே வராதீர்கள், நேரே இதய மருத்துவரிடம் ஓடுங்கள். கர்லியே உட்கார்ந்த இடத்தில்தான் போய்ச் சேர்ந்தார்.

நண்பர்கள் என்ன செய்யலாம்? படத்தில் ஃபிலைக் காப்பாற்றியது குதிரை இல்லை. அவன் அழும்போது மிட்ச் ஓடிப் போய்ப் பக்கத்தில் நிற்கிறான், ‘ஆம்பளை அழலாமா’ என்று சொல்லவில்லை. சின்ன வயதில் பந்து மரத்தில் மாட்டிக்கொண்டால் அந்த ஆட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி ஆடுவோமே, அதுபோல உன் வாழ்க்கையையும் முதலிலிருந்து ஆடலாம் என்கிறான். பழைய நண்பன் மட்டுமே சொல்லக்கூடிய வார்த்தை அது, என்னால் சொல்ல முடியாது. இந்தியாவில் தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், அவர்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு நண்பர் குழு இருந்திருக்கும், குட் மார்னிங் பூவும் வந்திருக்கும்.

கேளுங்கள். நேராகக் கேளுங்கள். “மச்சான், செத்துடலாம்னு ஏதாவது தோணுதாடா?” கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள், வராது, ஏற்கெனவே இருந்தால் இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் அன்று ராத்திரி அவரைத் தனியே விடாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மறுநாள் காலை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை தாங்காது என்று தோன்றினால் ராத்திரியே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் நாள் முழுக்க இலவசம், தமிழிலும் பேசலாம்.

வீட்டிலிருப்பவர்களுக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் மூன்றும் குறைந்திருந்தால் காத்திருக்காதீர்கள். ஆண்கள் ‘சோகமாக இருக்கிறது’ என்று சொல்லமாட்டார்கள், கோபப்படுவார்கள், முதுகு வலிக்கிறது என்பார்கள், கொஞ்சம் அதிகமாகக் குடிப்பார்கள். அவர் வரமாட்டேன் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் வாருங்கள் அம்மா, எப்படி அழைத்து வருவது என்று சேர்ந்து யோசிக்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆகாது, ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நாலாவது நாள் போன் செய்து ‘ஒண்ணும் தெரியலையே’ என்று திட்டாதீர்கள், தெளிந்தது போல் இருக்கிறது என்று நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

அப்போ டிரிப்பே போகக் கூடாதா என்று அந்த நண்பர் கேட்டார். போங்கள் சார், யார் வேண்டாம் என்றது? முதலில் சிகிச்சை, தூக்கமும் பசியும் திரும்பட்டும், அப்புறம் அவருக்கே ஆசை வந்து ‘எப்படா போறோம்’ என்று கேட்பார், அப்போது போங்கள். குடியை விட்டுவிட்டுப் போங்கள். லித்தியம் (இருதுருவ நோய்க்குத் தரும் மாத்திரை) சாப்பிடுபவர் மலையேறுவதாக இருந்தால் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி ஆபத்தாகும். மாத்திரைகளைத் தோளில் மாட்டும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பஸ் கூரையில் ஏற்றும் பெட்டியில் போட்டுவிட்டு அங்கே போய் என்னைக் கூப்பிடாதீர்கள்.