போர்ட்டில் பச்சை எரிகிறது, சர்வர் மட்டும் எட்டவில்லை

இரண்டு சர்வர், இரண்டு ஸ்விட்ச், யார் உயிரோடு இருக்கிறாரோ அவரிடம் இருக்கும் ஒரு விர்ச்சுவல் ஐபி. நடுத்தர நிறுவனங்களில் நான் பார்க்கும் ஃபெயில்ஓவர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும் ஏற்பாடு, பெரும்பாலும் இவ்வளவுதான். லினக்ஸில் இதைக் கவனித்துக்கொள்ளும் கீப்அலைவ்டு என்ற மென்பொருளைப் போட்டு, லிங்க் விழுந்தால் ஐபி மற்ற சர்வருக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். சர்வர் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஐபியை வைத்திருக்கும் சர்வர் (மாஸ்டர்) ‘நான் இருக்கிறேன்’ என்று மற்றதற்கு அனுப்பும் விஆர்ஆர்பி அறிவிப்பு நொடிக்கு ஒன்று என்பதால் மூன்று நான்கு நொடியில் மாறிவிடும். சரி, வேலை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டுவிடுவார்கள்.

அந்தச் சோதனை பார்த்தது சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள இரண்டு மீட்டர் கேபிளை மட்டும்தான். ஒரு வாடிக்கையாளரிடம் அறுந்தது அதுவல்ல, ஸ்விட்சிலிருந்து கோருக்கு (எல்லா ஸ்விட்சும் சேரும் மைய ஸ்விட்ச்) போகும் ஃபைபர், அதாவது அப்லிங்க். முதல் சர்வரின் போர்ட்டில் பச்சை அப்படியே எரிந்தது, அதனால் அது ஐபியை விடவில்லை. இரண்டாவது சர்வருக்கு அறிவிப்பு வருவது நின்றதும் அதுவும் ஐபியை எடுத்துக்கொண்டது. இருவருமே மாஸ்டர். வெறும் வெப் சர்வர் என்றால் போகட்டும். டேட்டாபேஸ் என்றால், துண்டான ஸ்விட்சிலேயே இருக்கும் அப்ளிகேஷன் முதல் சர்வரில் எழுதிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் இரண்டாவது சர்வரில் எழுதுவார்கள். (டேட்டாபேஸுக்கு விஆர்ஆர்பியை மட்டும் நம்பாதீர்கள். குவோரமும் (பெரும்பான்மை சம்மதித்தால்தான் மாஸ்டர்) ஃபென்சிங்கும் (பழைய மாஸ்டரை வலுக்கட்டாயமாக நிறுத்துவது) வேண்டும்.)

லிங்க் விழுந்துவிட்டது என்ற செய்தியைத் தாராளமாக நம்பலாம். லிங்க் இருக்கிறது என்பதை வைத்துப் பாதை இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

இதற்கு ஸ்விட்சிலேயே வழி இருக்கிறது. சிஸ்கோவில் லிங்க் ஸ்டேட் டிராக்கிங், ஜூனிப்பரில் அப்லிங்க் ஃபெயிலியர் டிடெக்‌ஷன். அப்லிங்க் போனால் அதோடு கட்டிவைத்த சர்வர் போர்ட்டுகளையும் ஸ்விட்சே இறக்கிவிடும், சர்வருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு ஸ்விட்சும் ஒரே கோரை நம்பியிருந்தால், கோர் ரீபூட் ஆகும்போது எல்லா சர்வரும் சேர்ந்து விழும். அப்லிங்குகள் வெவ்வேறு பெட்டிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

மலிவான ஸ்விட்சில் இந்த வசதி இருக்காது. அங்கே கேட்வேயை (வெளியே போகும் வழியில் உள்ள ரவுட்டர்) பிங் செய்து பதில் வருகிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்டை கீப்அலைவ்டில் சேர்க்கலாம். ஒரு பிங் தவறியதும் ஐபியைத் தூக்காமல், தொடர்ந்து சில முறை தவறினால் மட்டும் மாறட்டும். கேட்வேயோடு இன்னொரு முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஸ்கிரிப்ட் கட்டாயம். ஹோஸ்டின் கேபிளே அறுந்தாலும் உள்ளே இருக்கும் மெஷினுக்கு லிங்க் நன்றாகவே தெரியும்.

பலர் கோட்டைவிடுவது ஸ்விட்ச் திரும்பி வரும்போதுதான். லிங்க் வந்ததும் பழைய மாஸ்டர் ஐபியைப் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் போர்ட்டில் பழைய ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்சுகளுக்கு நடுவே சுழற்சி வராமல் தடுக்கும் முறை) ஓடினால் லிசனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி, ஆக 30 நொடி ஒரு பாக்கெட்டும் போகாது. பழைய மாஸ்டரின் அறிவிப்பும் மற்றதற்குப் போய்ச் சேராததால், பழுது சரியானபின்னும் கொஞ்ச நேரம் இருவருமே மாஸ்டர். சர்வர் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். கீப்அலைவ்டில் இரண்டு பக்கமும் பேக்கப் என்று குறித்து நோப்ரீஎம்ப்ட் வைத்துவிட்டால் ஐபி தானாகத் திரும்பாது, ஆள் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்த பராமரிப்பு நேரத்தில் சர்வர் கேபிளை விட்டுவிட்டு அப்லிங்க்கைப் பிடுங்கிப் பாருங்கள். பயனர் பக்கத்துக் கணினி ஒன்றில் பிங் ஓடட்டும், இரண்டு சர்வரிலும் ஐபி பட்டியலைத் திறந்து வையுங்கள். விர்ச்சுவல் ஐபி இரண்டிலும் தெரிந்தால், ஃபைபரைத் திரும்பச் சொருகும் முன் ஒன்றில் கீப்அலைவ்டை நிறுத்திவிடுங்கள்.