வெசாக் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

2025 மே 12. இலங்கை நாட்காட்டியில் அன்று வெசாக், பௌத்தர்களின் பெருநாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சித்திரை 29, சித்திரா பௌர்ணமி. வெசாக் என்றால் வைகாசிப் பௌர்ணமி என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள், அது எப்படிச் சித்திரையில் வந்தது?

சொல்லின் வேரிலிருந்து பார்ப்போம். விசாகம் ஒரு நட்சத்திரம். 'சாகா' என்றால் கிளை; விசாகம் என்றால் கிளை பிரிந்தது. முழுநிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ, அதன் பெயரையே மாதத்துக்கு வைப்பது பழைய வழக்கம். அப்படி வந்தது வடமொழி வைசாகம். பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது வேசாக, சிங்களத்தில் வெசக். சிங்களச் சொல்லைக் கேட்ட தமிழர் கொஞ்சம் நீட்டி வெசாக் என்றார்கள். இதே வைசாகம் அதற்கு வெகுகாலம் முன்பே இன்னொரு வழியாகத் தமிழுக்குள் வந்திருக்கிறது: நம் வைகாசி. சகரமும் ககரமும் இடம் மாறிவிட்டன, தசை சதையானது போல. ஆக, வெசாக்கும் வைகாசியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஆனால் வளர்ந்த வீடுகள் வேறு. தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது, வெசாக் நிலவைப் பார்த்து நடக்கிறது. சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகப் போகும். வேறு சில ஆண்டுகளில் நிலவு முந்திக்கொள்ளும். 2025இல் நடந்தது அதுதான். முருகனுக்கு உரிய வைகாசி விசாகம் அந்த ஆண்டு ஜூன் 9இல்தான் வந்தது. எனவே வைகாசிப் பௌர்ணமி என்ற மொழிபெயர்ப்பு சில ஆண்டுகளுக்குச் சரி, சில ஆண்டுகளுக்குத் தப்பு.

புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றும் இந்த ஒரே முழுநிலா நாளில் என்பது இலங்கை பின்பற்றும் தேரவாத பௌத்த மரபு. அதனால் புத்த ஜயந்தி, புத்தர் பிறந்தநாள் என்று எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

சரி, பழைய தமிழில் என்ன இருக்கிறது? மணிமேகலையில் இந்த நாள் பெயரில்லாமல் வருகிறது. மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை அமுதசுரபி மேலே வரும். எப்போது? இளவேனிலில், சூரியன் இடப ராசியில் இருக்கையில், 'ஒருபதின் மேலும் ஒருமூன்று சென்றபின்', அதாவது பதின்மூன்று நட்சத்திரங்கள் கழிந்த பிறகு. கார்த்திகையிலிருந்து எண்ணிப் பாருங்கள், பதினான்காவதாக வருவது விசாகம். இருபத்தேழுக்கு அதுதான் நட்டநடு. புத்தர் தோன்றிய நாளில் அந்தப் பாத்திரமும் தோன்றுகிறது என்கிறார் சாத்தனார். அந்த நாளுக்கு அவர் கொடுத்த அடையாளம் பசியைத் தீர்க்கும் ஒரு பாத்திரம் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

முழுநிலாவுக்குத் தமிழில் உவா என்றும் வெள்ளுவா என்றும் சொற்கள் உண்டு. 'விசாக வெள்ளுவா' காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது. பேச்சில் யாரும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரியும். என் கணக்கில் விளக்கிச் சொல்லும் இடத்தில் 'விசாக முழுநிலா' போதும். மாதத்தின் பெயரை விட்டுவிட்டு நட்சத்திரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டால் சித்திரை, வைகாசிச் சண்டை வராது. மற்ற இடங்களில் வெசாக் என்றே எழுதலாம். இலங்கைத் தமிழர் நாவில் அது எப்போதோ ஊறிவிட்டது.

வெசாக்கோடு சேர்ந்து வரும் சொற்கள் இன்னும் சுவையானவை. தெருவோரம் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சோறும் குளிர்பானமும் இலவசமாகக் கொடுக்கும் இடம் தன்சல். உடைத்துப் பார்த்தால் தானசாலை. யார், எவர் என்று கேட்காமல் நீட்டுவதுதான் அதன் முறை. வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய் 'சில்' எடுப்பார்கள். அது நம் சீலம். கொல்லாமை, களவு செய்யாமை, பொய் பேசாமை, மது அருந்தாமை, தகாத உறவு கொள்ளாமை என்ற ஐந்தும் எல்லா நாளுக்கும் உரியவை. வெசாக் அன்று சில் எடுத்தவருக்கு அவை எட்டாகின்றன: ஐந்தில் கடைசியாகச் சொன்னது அன்று முழுப் பிரமச்சரியமாக இறுகும், நண்பகலுக்குப் பின் உணவில்லை, ஆடல் பாடல் அலங்காரம் இல்லை, சொகுசான உயர்ந்த இருக்கை இல்லை. பிற்பகல் நாலு மணிக்கு வயிறு கூப்பிடும்போதுதான் அந்த எட்டின் கனம் தெரியும்.

மூன்றாவது சொல் பாவனை. பாலியில் பாவனா என்றால் மனத்தைப் பண்படுத்தி வளர்ப்பது, தியானம். தமிழ்நாட்டில் பாவனை செய்கிறான் என்றால் நடிக்கிறான். இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. மின்சாரப் பாவனையாளர் என்று அங்கே சாதாரணமாக எழுதுவார்கள். ஒரே சொல் இங்கே நடிப்பு, அங்கே பயன்பாடு, விகாரைக்குள் தியானம்.

கடைசியாக வெசாக் கூடு, அதாவது தாள் விளக்கு. மூங்கில் சிம்புகளை நூலால் கட்டி எட்டுப் பட்டைச் சட்டம் செய்வார்கள். மேலே மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, கீழே தாள் வால் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. பசை காய்வதற்குள் அவசரப்பட்டுத் தூக்கினால் தாள் சுருங்கிவிடும். இந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேட வேண்டாம். சிங்களத்திலும் அது கூடுதான்.