பாட்டி வராவிட்டால் எத்தனை மதிப்பெண்? கூட்டுப் பயணத்தைக் கணக்கிடும் முறை

விடுமுறை நாளில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் கார்களில் பெரும்பாலும் குடும்பங்களும் நண்பர்களும்தான். ஆனால் போக்குவரத்தைக் கணிக்கும் பழைய கணித மாதிரிகள், ஒவ்வொருவரும் தானே முடிவெடுத்துக் கிளம்புவதாகவே வைத்துக்கொண்டன. வேலைக்குப் போகும் பயணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். சுற்றுலாவுக்குப் பொருந்தாது. அங்கே எந்த இடம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பேரத்தில் முடிவாகிறது. அந்தப் பேரத்தையும் மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும்.

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டி, அப்பா, பேத்தி. மூன்று திட்டங்களுக்கு அவர்கள் அதே வரிசையில் பத்துக்குத் தரும் மதிப்பெண்கள்: சேர்வராயன் கோயிலும் பகோடா பாயிண்டும் 9, 5, 3. கிளியூர் அருவி 1, 7, 10. கோயிலோடு ஏரியில் படகு 6, 6, 5.

கை தூக்கச் சொன்னால் அருவிக்கு இரண்டு ஓட்டு. மதிப்பெண்ணைக் கூட்டினாலும் 17, 18, 17 என்று அருவிதான் முதலில் வரும். ஆனால் அருவிக்குப் படியிறங்கி, திரும்ப ஏற வேண்டும். முட்டிவலி உள்ள பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார். பயணம் மூவருக்கு என்று தொடங்கிய கணக்கு அங்கேயே உடைகிறது.

விடுபட்டது ஓர் எண்: "போகாமல் வீட்டில் இருந்தால் எவ்வளவு?" மூவருக்கும் அது 2 என்போம். 1950-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் நாஷ் சொன்ன தீர்வு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் 2-ஐக் கழித்து, மிச்சத்தைப் பெருக்க வேண்டும். கோயில்: 7×3×1 = 21. படகு: 4×4×3 = 48. அருவியில் பாட்டிக்கு மிச்சம் −1 என்பதால் அது போட்டியிலேயே இல்லை. படகு ஜெயிக்கிறது.

பெருக்கலுக்கு இன்னொரு பலம் உண்டு. பாட்டி தாராளமாகப் போடுகிறவராக இருந்து, வீட்டு மதிப்பு உட்பட எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினாலும் விடை மாறாது. கூட்டலில் அப்படியே கோயிலுக்குத் தாவிவிடும். ஒருவர் போடும் 10-ம் இன்னொருவர் போடும் 10-ம் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், இந்தக் குணம் மிக முக்கியம்.

நாஷ் முடிவை மட்டும் சொல்கிறார். யார் எப்போது இறங்கி வருவார்கள் என்பதற்கு டென்மார்க் பொருளியலாளர் சாய்த்தன் 1930-இல் கொடுத்த விதி உதவுகிறது. தன் யோசனையில் கிடைக்கும் மிச்சத்திலிருந்து எதிராளியின் யோசனையில் கிடைப்பதைக் கழித்து, தன்னுடையதால் வகுக்க வேண்டும். யாருக்குச் சிறிய எண் வருகிறதோ, பேரம் முறிந்தால் அவருக்குத்தான் இழப்பு அதிகம். அவர் விட்டுக்கொடுப்பார்.

பாட்டி கோயில் என்கிறார், பேத்தி அருவி என்கிறாள். பாட்டிக்கு (7+1)/7, அதாவது 1-க்கும் மேல். பேத்திக்கு (8−1)/8 = 0.88. பேத்தி இறங்கி வந்து படகு என்கிறாள். மறுபடி கணக்கு: பாட்டிக்கு (7−4)/7 = 0.43, பேத்திக்கு (3−1)/3 = 0.67. இப்போது பாட்டி இறங்குகிறார், பேச்சு முடிகிறது. இருவருக்கிடையே இப்படிப் படிப்படியாக நடக்கும் பேரம் நாஷ் விடையில்தான் போய் நிற்கும் என்று பொருளியலாளர் ஹர்சானி 1956-இல் காட்டினார்.

அடுத்தது நேரம். ஆறு இடங்களைச் சுற்ற 720 வரிசைகள். கிளம்ப எட்டு நேரங்கள், மலையேற அடிவாரம் வழி, குப்பனூர் வழி என இரண்டு பாதைகள் என்றால் 11,520 திட்டங்கள். அத்தனைக்கும் பேரம் பேசவிட்டால் கணினி திணறும். அதனால் முதலில் எல்லோருக்கும் பொதுவான நேரத்தை வெட்டி எடுக்கிறார்கள். ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 1970-இல் சுவீடன் புவியியலாளர் ஹேகர்ஸ்ட்ராண்ட் வகுத்துக் காட்டினார். பேத்தியின் டியூஷன் முடிந்து 10:30-க்குக் கிளம்பலாம், அப்பா ஷிப்டுக்குப் போக 6 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் கையில் ஏழரை மணி நேரம். போக வர இரண்டரை, சாப்பாடு ஒன்று. மிச்சம் நான்கு. இதை முழுக்க இடங்களுக்கே ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பஸ் நின்றாலே வரிசை நீளும். அரை மணி நேரமாவது விட்டுவைக்காத திட்டம் மாலையில் முறியும்.

மாதிரியை அதிகம் ஏமாற்றும் பதில், "எனக்கு எதுன்னாலும் சரி". இதை எல்லாத் திட்டத்துக்கும் சம மதிப்பெண் என்று பதிந்தால் தவறு. பல நேரம் அது மற்றவர் மனம் கோணாமல் இருக்கச் சொல்வது. விருப்பத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மற்றவர் பதிலைக் காட்டாமல் கேட்க வேண்டும். "எங்கே போகலாம்?" என்பதற்கு முன்பே, "எங்கே என்றால் வரமாட்டீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். பாட்டியின் அந்த −1 அப்போதுதான் வெளியே வரும்.