டான்ஸ் பொப் குழுக்களும் கையெழுத்தில்லாப் பாடல்களும்

2002இல் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த ‘ஃப்ரீக் லைக் மீ’, சுகாபேப்ஸ் குழுவிடம் வந்து சேர்ந்ததே ஓர் அனுமதி கிடைக்காமல் போனதால்தான். தயாரிப்பாளர் ரிச்சர்ட் எக்ஸ், அந்தப் பாட்டை முதலில் பாடிய அடினா ஹவார்டின் குரலை எடுத்து கேரி நியூமனின் பழைய சின்த்தசைசர் இசைக்கு மேல் வைத்து ஒரு கலவை செய்திருந்தார். அதை முறைப்படி வெளியிடப் போனபோது ஹவார்டின் குரலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பாட்டை ஆக்கியவர்களின் உரிமை வேறு, பாடிப் பதிந்த ஒலியின் உரிமை வேறு. அதனால் அதே பாட்டைச் சுகாபேப்ஸ் பெண்கள் மூவரையும் புதிதாகப் பாடவைத்து வெளியிட முடிந்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாண வீடுகளில் வாசித்துப் பெயரெடுத்து, பிறகு சொந்தப் பாட்டு வெளியிடத் தொடங்கும் குழுக்களுக்கு இந்த வேறுபாடு முதலில் விளங்கவேண்டும். யூடியூபில் கிடைக்கும் கரோக்கி ட்ரக்கைப் போட்டு ஒரு சினிமாப் பாட்டைப் பாடிப் பதிவேற்றினால் இரண்டு உரிமைகளிலும் கை வைக்கிறீர்கள். பாட்டு ஒரு இசை நிறுவனத்துடையது. ட்ரக் அதைச் செய்தவருடையது. இசையை நீங்களே வாசித்துப் பதிந்தால் இரண்டாவது சிக்கல் தீரும். முதலாவது அப்படியே இருக்கும். வீடியோ நீக்கப்படாமல் தப்பினாலும் விளம்பர வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமையாளருக்கே போகும்.

சொந்தப் பாட்டிலும் இதே பொறி இருக்கிறது. இணையத்தில் வாங்கும் பீட் (பாடுவதற்குத் தயாராக இருக்கும் பின்னணி இசை) மலிவானதென்றால் அது அநேகமாக உங்களுக்கு மட்டுமே என்றில்லாத அனுமதி. அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்றிருப்பார்கள், எத்தனை தடவை ஒலிக்கலாம் என்ற வரம்பும் இருக்கும். திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டான லூப்பும் அப்படித்தான். ரோயல்டி கட்டத் தேவையில்லாத பறை லூப் ஒன்றைப் பாட்டின் தொடக்கத்தில் தனியாக ஒலிக்கவிட்டு, அந்தப் பாட்டை யூடியூபின் கொன்டென்ட் ஐடியில் (பதிவேறும் வீடியோக்களில் உங்கள் ஒலி இருக்கிறதா என்று தானாகத் தேடும் முறை) சேர்த்தால், அதே லூப்பை வாங்கிய மற்றவர்களின் பாட்டுகள் மீது உங்கள் பெயரில் கோரிக்கை பாயும். கொன்டென்ட் ஐடியில் சேர்ப்பதற்கு ஒலி முழுவதும் உங்களுக்கே உரியதாக இருக்கவேண்டும். பாட்டை ஒலிபரப்புச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் கொன்டென்ட் ஐடிக்கான பெட்டியில் சரி போடுமுன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

இனி, பாட்டின் உரிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டுக்கு உரிமை கிடைக்க எங்கும் பதியத் தேவையில்லை. ஆக்கிய கணமே உரிமை உண்டு. ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். பலர் கூடி ஆக்கியதென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்துதான் அந்த 70 ஆண்டு கணக்கு. அதாவது, இன்று வாய்ச்சொல்லில் விடுவது நாளைக்கு ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகளின் வழக்காகும். அதைத் தடுக்க ஒரு பக்கக் கடதாசி போதும். பாட்டின் பெயர், திகதி, ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி, யார் வரி, யார் மெட்டு, யார் பீட், அவரவர் வீதம், கையெழுத்து. கூட்டினால் 100 வரவேண்டும். இதைப் பாட்டு முடிந்த அன்றே ஸ்டூடியோவில் வைத்து எழுதுங்கள். பாட்டு பிரபலமானபின் எவருடைய ஞாபகமும் மற்றவருடையதோடு ஒத்துப்போவதில்லை.

டான்ஸ் பொப்பில் அடிக்கடி வரும் சண்டை கீபோர்டுக்காரர் பற்றியது. சனம் முணுமுணுப்பது வரியை அல்ல, இடையில் வரும் நாலு பார் (தாளச் சுற்று) கீபோர்ட் துண்டைத்தான் என்றால், அதை உருவாக்கியவர் ஆக்கியோரில் ஒருவர். ஏற்கனவே தீர்மானித்த மெட்டை வாசித்துக் கொடுத்தவர் அப்படியல்ல, அவர் வாசித்த கலைஞர் மட்டுமே. எல்லாருக்கும் சமபங்கு என்று வைப்பதில் தவறில்லை, சேர்ந்தே மேடையேறும் குழுவுக்கு அதுதான் நல்லதென்பது எங்கள் கருத்து. ஆனால் அதையும் எழுதவேண்டும். பொருளாதார உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வட்ஸ்அப் குரல்பதிவை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒலிப்பதிவின் உரிமை, அதைச் செய்விக்க முன்கையெடுத்துப் பொறுப்பேற்றவருக்குரியது. வெளியிட்டதிலிருந்து 50 ஆண்டு. ஸ்டூடியோ பில் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது இங்கே பெரிய சாட்சி. காசைக் கொடுத்து முடிக்குமுன் 24 பிட் வேவ் மாஸ்டர் (முடிந்த பாட்டின் மூலக் கோப்பு), குரலில்லாத இசை, எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கும் தனித்தனி ஸ்டெம்கள் (வாத்தியம், குரல் என்று பிரித்த பதிவுகள்), எஃபெக்ட் போடாத குரல் ஆகியவற்றை வாங்கி, இரண்டு வீடுகளில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளங்காட்ட எழுத்தும் இலக்கமுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு இருக்கும். ரீமிக்ஸுக்கு வேறு குறியீடு. விநியோகத் தளத்தை மாற்றும்போது பழைய குறியீட்டையே கொடுங்கள். இல்லாவிட்டால் இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம். அந்தத் தளத்தின் கணக்கு ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்து, அவர் கனடாவுக்குப் போய்த் தொடர்பும் அறுந்தால், சேர்ந்த காசை எடுக்கவே வழியிருக்காது. குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, இருவரிடம் கடவுச்சொல் இருக்கட்டும்.

பாடிய பெண்ணுக்கு வருவோம். 1989இல் பிளாக் பொக்ஸ் குழுவின் ‘ரைட் ஒன் டைம்’ பெருவெற்றி பெற்றது. அதில் ஒலித்தது லொலீட்டா ஹொலொவே 1980இல் பாடிய பாடலின் குரல், மேடையில் வாயசைத்தது ஒரு மொடல். பிரச்சினை எழுந்தபின் பாடகி ஹெதர் ஸ்மோலைக் கொண்டு திரும்பப் பாடவைத்தார்கள். இங்கேயும் கோரஸுக்கு ஒரு தங்கச்சியைக் கூப்பிட்டுக் கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வீடியோவில் வேறொருவரை ஆடவிடுகிறார்கள். எந்தப் பாட்டு, எவ்வளவு காசு, எங்கெங்கே வெளியாகும், பெயர் எப்படிப் போடப்படும் என்ற நாலு வரியில் அவரின் கையெழுத்தை வாங்குங்கள். பெயரைப் போடுங்கள். அது அவருடைய உழைப்பு.

பெயர் பற்றி யாரும் தொடக்கத்தில் பேசுவதில்லை. 1998இல் உருவான சுகாபேப்ஸில் 2009ஆம் ஆண்டுக்குள் முதல் மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பெயர் மட்டும் வேறு மூவரோடு தொடர்ந்தது. முதல் மூவரும் மறுபடி சேர்ந்தபோது தங்கள் பெயரைப் பாவிக்க முடியாமல் எம்கேஎஸ் என்று மேடையேறி, 2019இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்தால் 10 ஆண்டுக்குப் பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். எந்தத் தொழிலுக்கான குறி என்று காட்டும் வகுப்பு, மேடை நிகழ்ச்சிக்கு 41, ஒலிப்பதிவுக்கு 9, டீஷேர்ட் விற்பதென்றால் 25. விலகுபவர் எதை எடுத்துச் செல்லலாம், விளம்பரத்தில் ‘முன்னாள்’ என்று போடலாமா என்பதை நட்பாக இருக்கும்போதே எழுதுங்கள்.

ஏற்கனவே பாட்டுகளை வெளியிட்டுவிட்ட குழுக்கள் பழைய திகதி போட்டுக் கடதாசி தயாரிக்கவேண்டாம், அது ஆபத்து. இன்றைய திகதியிட்டு, இன்ன பாட்டை இன்னார் இன்ன ஆண்டில் ஆக்கினோம், பங்கு இதுவென்று உறுதிப்படுத்தி எல்லாரும் ஒப்பமிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து ஸ்கேன் வந்தாலும் மூலப்பிரதியைத் தபாலில் எடுப்பியுங்கள்.